பானை உடைந்தது, பானையை உடைத்தேன்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் கூடிப் படிப்பது வழக்கம். பிரம்மதேசம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியிலும் கால்நடையாகவும் வருகிறவர்கள். செபமாலைக்கு மணி அடிக்கும்வரை அவரவர் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத் தாழ்வாரத்தின் ஓரத்தில் மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்திருந்தேன். சென்ற கோடையில் ஒரு நாள் நான் வெளியூர்ப் பூசையை முடித்துத் திரும்பியபோது பானை இல்லை. ஓடுகளும் ஈர மணலுமே இருந்தன.

“பானை என்ன ஆயிற்று?” என்று கேட்டேன்.

“ஒடஞ்சிபோச்சி, சாமி” என்று ஒரே குரலாக விடை வந்தது.

“உடைந்ததைத்தான் நானும் பார்க்கிறேன். உடைத்தது யார்?”

இப்போது ஒரு குரலும் இல்லை. சற்றுப் பொறுத்து ஒரு சிறுமி, “பூனை தள்ளிவிட்டிருக்கும்” என்றாள். எங்கள் இல்லத்தில் பூனை கிடையாது.

அந்த நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் வைத்திருந்த ஆங்கில இலக்கணக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். நான் கதைக்காகச் சேர்க்கிறேன் என்று எண்ண வேண்டாம். அன்றைய பாடம் ‘ட்ரான்ஸிடிவ் வெர்ப்’, ‘இன்ட்ரான்ஸிடிவ் வெர்ப்’ என்பதே. இலக்கண விதியை ஒரு காற்புள்ளியும் பிசகாமல் ஒப்பித்தான். ‘ஓர் எடுத்துக்காட்டுச் சொல்’ என்றதும் விழித்தான். “இப்போது நீங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னீர்களே, அதுதான் எடுத்துக்காட்டு” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ஆகவே உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று. அன்று விளக்கியதையும், பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகளின் பாடத்தைக் கவனிக்கும் பெற்றோர்க்குப் பயன்படலாம்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு நீண்ட பெயர் உண்டு. செயப்படுபொருள் குன்றாத வினை, செயப்படுபொருள் குன்றிய வினை. பெயரைக் கேட்டே பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். குன்றுதல் என்றால் குறைதல், அவ்வளவுதான். ‘உடைத்தான்’ என்று ஒருவர் சொன்னால், ‘எதை?’ என்று கேட்கத் தோன்றும். பானையை, தேங்காயை, கல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் கேட்டவர் மனம் அமையும். அது செயப்படுபொருள் குன்றாத வினை. ‘உடைந்தது’ என்று சொன்னால் ‘எதை உடைந்தது?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் முடியாது. ‘எது உடைந்தது?’ என்றே கேட்பார்கள். அது குன்றிய வினை. ‘தூங்கினான்’, ‘சிரித்தாள்’, ‘மழை பெய்தது’, ‘நெல் விளைந்தது’ ஆகிய யாவும் அப்படிப்பட்டவையே.

எதை, யாரை என்னும் இரண்டு கேள்விகளும் உழவனின் கையிலுள்ள தார்க்கோல் போன்றவை. பெரும்பாலும் வழி காட்டும். ஆனால் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். ‘தண்ணீர் குடித்தான்’ என்னும்போது ஐ உருபு மறைந்து நிற்கிறது, செயப்படுபொருள் மறையவில்லை. ‘அப்பா சாப்பிட்டுவிட்டார்’ என்னும்போது பொருளையே சொல்லாமல் விட்டோம். ஆயினும் சாப்பிடுதல் என்னும் வினைக்கு ஒரு பொருள் உண்டு என்பதைப் பசித்தவன் அறிவான். உருபைக் கண்ணால் தேடாமல் பொருளைக் கருத்தால் தேடு என்று மாணவனிடம் சொன்னேன்.

ஆங்கிலப் பெயரின் வேர் இலத்தீனில் இருக்கிறது. குருமடத்தில் எங்களுக்குக் கிரேக்கம் சிறிது, இலத்தீன் அதனினும் சிறிது கற்பித்தார்கள். அந்தச் சிறிதும் இப்படி எப்போதாவது உதவுகிறது. ‘திரான்சீரே’ என்றால் கடந்து செல்லுதல். செய்கிறவனிடத்தில் தொடங்கிய செயல் அவனைக் கடந்து வேறொன்றின்மேல் போய்ச் சேருமானால் அது கடக்கும் வினை. அவனிடத்திலேயே நின்றுவிட்டால் கடவா வினை. தூக்கம் தூங்குகிறவனைக் கடப்பதில்லை. அடி, அடிக்கிறவனைக் கடந்து அடிபடுகிறவன் முதுகில் விழுகிறது. இதைச் சொன்னதும் தாழ்வாரத்தில் சிரிப்பு எழுந்தது. அது முதல் எவரும் அந்தப் பாகுபாட்டை மறக்கவில்லை.

தமிழின் இணைகளும் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லும்

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பாடம் உண்மையில் கடினமாக இருக்கக்கூடாது. தாய்ப்பாலோடு அவன் கற்றுவிட்ட பாடம் இது. திருந்தினான், திருத்தினான்; அடங்கினான், அடக்கினான்; உருகியது, உருக்கினான்; மாறியது, மாற்றினான்; பிரிந்தது, பிரித்தான்; வளர்ந்தது, வளர்த்தாள். மூன்று வயதுக் குழந்தை ‘பால் கொட்டிப்போச்சு’ என்பதற்கும் ‘பாலைக் கொட்டிட்டான்’ என்பதற்கும் வேறுபாடு அறியும். தன்மேல் பழி வராதபடி முதல் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கவும் அறியும். இந்த இணைகளில் பலவற்றுள் ஒரு மெல்லொலி வல்லொலியாகிறது, அல்லது ஒரு வல்லெழுத்து இரட்டிக்கிறது. கால்டுவெல் தம்முடைய ஒப்பிலக்கணத்தில் (1856) இந்த இரட்டிப்பைத் தனியே எடுத்து விளக்கியுள்ளார். ஒரே ஓர் எழுத்தை அழுத்திச் சொல்வதனால் செயலின் பொறுப்பு ஒருவர் தலையில் ஏறிவிடுகிறது.

ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘தி பாட் ப்ரோக்’ என்றால் பானை உடைந்தது. ‘ஐ ப்ரோக் தி பாட்’ என்றால் பானையை உடைத்தேன். வினைச்சொல் ஒன்றே; அதன் வடிவில் ஓர் அசையும் மாறவில்லை. சொற்கள் நிற்கும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. ‘பர்ன்’, ‘மெல்ட்’, ‘க்ரோ’, ‘சேஞ்ச்’, ‘ஸ்டாப்’ எல்லாம் இப்படி இருவேடம் பூணும் சொற்கள். தமிழில் எரிந்தது, எரித்தான். நின்றது, நிறுத்தினான் என்று இரண்டிரண்டாக வைத்திருப்பவனுக்கு ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது வியப்பாகவே இருக்கும். ஆனால் தமிழிலும் ‘கதவு திறந்தது, கதவைத் திறந்தான்’, ‘பூசை தொடங்கியது, பூசையைத் தொடங்கினார்’ என்று சில சொற்கள் அவ்வாறே நடக்கின்றன. அவற்றைக் காட்டி, ‘ஆங்கிலத்தில் இவ்வகை அதிகம்’ என்று சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்வான்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போல இணை வைத்திருந்த மொழிதான். அவற்றுள் சில இன்னும் எஞ்சியுள்ளன. ‘ரைஸ்’ என்றால் எழு, ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. ‘சிட்’ என்றால் அமர், ‘செட்’ என்றால் அமர்த்து, வை. ‘ஃபால்’ என்றால் வீழ், ‘ஃபெல்’ என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. நாம் மெய்யெழுத்தை அழுத்துகிறோம். அவர்கள் உயிரெழுத்தை மாற்றினார்கள். இதில் ஒரு வம்பும் உண்டு. கிட என்பதன் இறந்தகாலமும் ‘லே’. கிடத்து என்பதன் நிகழ்காலமும் ‘லே’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இடத்தில் நாள்தோறும் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே நம் பிள்ளை தவறினால் காதைத் திருக வேண்டாம்.

திருக வேண்டிய இடங்கள் வேறு. நம்மவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் ஒரு பெரும் பகுதி இந்த ஒரு பாடம் தெளியாததால் வருவது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்னும் தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ கடக்கும் வினை; அதற்கு நேரே பொருளைத் தந்துவிட வேண்டும், ‘அபௌட்’ என்னும் ஊன்றுகோல் வேண்டாம். அறைக்குள் நுழைந்தான் என்பதை ‘எண்டர்டு இன்டு தி ரூம்’ என்கிறோம். ‘எண்டர்டு தி ரூம்’ போதும். அவளோடு திருமணம் என்று நினைத்து ‘மேரீட் வித் ஹர்’ என்கிறோம். அவளை மணந்தான் என்று நினைத்தால் ‘மேரீட் ஹர்’ தானே வரும். எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. நாம் பாட்டைக் கேட்கிறோம், படத்தைப் பார்க்கிறோம். ஐ உருபு வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘லிஸன்’, ‘லுக்’ இரண்டும் கடவா வினைகள். ‘டு’, ‘அட்’ என்னும் துணையின்றி அவை பாட்டையும் படத்தையும் தொடமாட்டா. இரு மொழிகளும் ஒரே செயலை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதே இதில் கற்க வேண்டியது.

இன்னொன்று. ‘ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பண்டு’ என்று அலுவலகக் கடிதங்களில்கூடக் காண்கிறோம். கடவா வினையைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது. ஆக்குவதற்கு அங்கே செயப்படுபொருளே இல்லை. தமிழில் ‘விபத்து நடக்கப்பட்டது’ என்று நாம் சொல்வதில்லையே! சொல்லிப் பார்த்தால் நமக்கே நகைப்பு வருகிறது. அந்த நகைப்பை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் பிழை தானே நீங்கும்.

நம் ஊரில் நடந்த இலக்கண வகுப்பு

இந்தப் பாகுபாட்டை ஏதோ வெள்ளைக்காரர் கொண்டுவந்த சரக்கு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் பிரம்மதேசத்துக்கே அழைத்துப் போக விரும்புகிறேன். திண்டிவனம், மரக்காணம் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நான் சொல்வது விக்கிரவாண்டி வட்டத்தில், பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்னும் இரு சோழர் காலக் கோயில்கள் இருக்கும் பிரம்மதேசத்தை. அதன் அருகில் எண்ணாயிரம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனின் (ஆட்சி 1014–1044) கல்வெட்டு ஒன்றை 1917ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் படி எடுத்தார்கள். அந்த ஊரில் இயங்கிய ஒரு கல்லூரியின் கணக்கு அதில் உள்ளது. மாணவர் தொகை 340. இளையோர் 270 பேர், மூத்தோர் 70 பேர். அவர்களுக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல் வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இளையோரில் பெரும்பாலோர் நான்கு வேதங்களையும் ஓதக் கற்றவர்கள். ஆனால் 40 பேர் படித்தது ‘ரூபாவதாரம்’. இது வடமொழி இலக்கண நூல். பாணினியின் சூத்திரங்களைத் தருமகீர்த்தி என்பவர் மாணவர்க்கு எளிதாகும்படி வரிசை மாற்றி அமைத்தது. மூத்தோரில் 25 பேர் வியாகரணம், அதாவது இலக்கணத்தின் உயர்வகுப்பு, பயின்றார்கள். ஆக 340 பேரில் 65 பேருக்கு இலக்கணமே பாடம். பாணினியின் இலக்கணத்தில் செயப்படுபொருள் இல்லாத வினைக்கு ‘அகர்மகம்’ என்று பெயர். பொருள் உள்ளதைச் ‘சகர்மகம்’ என்பது வழக்கம். கர்மம் என்பது அங்கே வினைப்பயன் அன்று, செயப்படுபொருள். எட்டாம் வகுப்புப் பையன் என் தாழ்வாரத்தில் விழித்த அதே பாடத்தை, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்க ஓரிடத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாற்பது பையன்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுள்ளும் எத்தனை பேர் எடுத்துக்காட்டுக் கேட்டதும் விழித்தார்களோ! கல்வெட்டில் நெல்லின் அளவு உண்டு. தேர்வு முடிவு இல்லை.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருபுவனையிலும் 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, அத்தகைய வேறொரு கல்லூரியையும் அங்கும் நடந்த இலக்கண வகுப்பையும் குறிக்கிறது. நம் வட்டாரம் இலக்கணத்துக்குப் பெயர் போன வட்டாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வகுப்புகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேதம் ஓதும் உரிமை உடைய ஒரு குலத்துப் பையன்களுக்கே அந்த நெல்லும் அந்தப் பாடமும். இன்று என் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளின் முன்னோர் அந்த நெல்லை விளைவித்தவர்களாக இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண் குழந்தை இன்று ‘ட்ரான்ஸிடிவ்’ என்று வாய்விட்டுப் படிக்கிறது. இதைக் கேட்கும்போது செபமாலை மணியைச் சற்றுத் தாமதமாக அடித்தாலும் தவறில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழ் இலக்கணமும் இதில் பிறர்க்குக் கடன்பட்டு நிற்கவில்லை. ஒரு வினை நிகழ எவையெவை வேண்டும் என்று எண்ணிப் பார்த்த தொல்காப்பியர் வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக என்று எட்டைக் கூறினார். பானை உடைந்த வழக்கை விசாரிக்க இந்த எட்டுக் கேள்விகளுக்குமேல் ஒரு காவல் அதிகாரிக்கும் தேவைப்படாது.

பின்னர் வந்த நம் மறைப்பணியாளர்கள் இந்த இடத்தில் பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். முத்துக்குளித்துறையில் உழைத்த அன்றீக்கு அடிகளார் (என்றிக்கே என்றீக்கசு) 1549 அளவில் போர்த்துக்கீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதினார். ஐரோப்பிய மொழியில் தமிழுக்கு எழுந்த முதல் இலக்கணம் அது. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கு 1728இல் இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். நம் மறைமாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய அதே அடிகளார்தாம். அந்த நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? அவர் தம் நூல்களில் ஓயாமல் மறுத்து வாதாடிய லூத்தரன் சபையார். சமயத்தில் ஒத்துப்போகாதவர்கள் இலக்கணத்தில் ஒத்துப்போனார்கள். புதுச்சேரியில் துய்புயி அடிகளாரும் மூசே அடிகளாரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1844இல் பெண் கல்விக்கென அருட்சகோதரியர் சபையை நிறுவியவரும் இதே துய்புயி அடிகளாரே. வேற்றுமொழியிலிருந்து தமிழுக்கு வருகிற ஒருவர் ‘மாறு’ என்று கேட்டதை ‘மாற்று’ என்று சொல்லிவிட்டால் பிரசங்கமே தலைகீழாகிவிடும். மனம் மாறுங்கள் என்பது வேறு, மனத்தை மாற்றுங்கள் என்பது வேறு அன்றோ?

பின்பு எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் அருகில் குன்றியதா, குன்றாததா என்று குறித்துச் செல்கிறது. வீட்டில் அகராதி வைத்திருப்பவர்கள் அந்தச் சிறு குறிப்பைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கலாம்.

தானாக நடந்தவை

இனிப் பானைக்குத் திரும்புவோம். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பானை உடைந்தது உண்மை. ஆனால் முழு உண்மை சொல்லப்படவில்லை. குன்றிய வினையில் செயப்படுபொருள் மட்டும் குன்றுவதில்லை. சில வேளைகளில் செய்தவனும் குன்றிப்போகிறான். இதைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்கிறார்கள். விலை ஏறிவிட்டது என்கிறோம். விலைக்குக் கால் இல்லை, யாரோ ஏற்றுகிறார்கள். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது என்கிறோம். அது தானாகப் பிரியவில்லை, அரசு பிரித்தது. இதில் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘குடும்பம் பிரிந்துவிட்டது, சாமி’ என்று அண்ணன் தம்பியர் இருவரும் என்முன் நின்று சொல்லும்போது, பிரித்தது யார் என்று கேட்க நாக்கு எழுகிறது, கேட்காமல் அடக்கிக்கொள்கிறேன். (அடங்குதல் வேறு, அடக்குதல் வேறு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.)

ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையை மீறாமல் பொதுவாக ஒன்று சொல்லலாம். எந்தக் குருவும் இதை அறிவார். ‘தவறு நடந்துவிட்டது’, ‘வாய்த்தகராறு வந்துவிட்டது’, ‘பழக்கம் தொற்றிக்கொண்டது’. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வினைகள் பெரும்பாலும் குன்றியே வருகின்றன. என் சொந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான். ஆன்மாவைச் சோதிக்கும்போது நான் வைத்துக்கொள்ளும் சிறு உபாயம், ஒவ்வொரு வாக்கியத்தையும் குன்றாத வினையாக மாற்றிச் சொல்லிப் பார்ப்பது. ‘நேரம் வீணாயிற்று’ என்பதை ‘நேரத்தை வீணாக்கினேன்’ என்று. மாற்றும்போது வாய் கசக்கிறது.

வேதாகமத்தில் இதற்கு ஒரு பேர்போன சான்று உண்டு. யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். மோசே மலையிலிருந்து இறங்கிவந்து பொற்கன்றைக் கண்டு ஆரோனைக் கடிந்துகொள்கிறார். ஆரோனின் விடையைக் கவனியுங்கள். மக்கள் பொன்னைக் கொடுத்தார்கள் என்றும், தாம் அதை நெருப்பில் போட்டதாகவும் சொல்லுகிறார். அதுவரை வினைகள் குன்றவில்லை. அடுத்து, இந்தக் கன்று வெளிவந்தது என்கிறார்! நெருப்புக்குள் போனது பொன். வெளியே வந்தது கன்று. நடுவில் யாருடைய கையும் இல்லை. ஆனால் அதே அதிகாரத்தின் நான்காம் வசனம், ஆரோன் கருவி கொண்டு அதை உருவாக்கினார் என்று முன்னரே எழுதிவைத்துவிட்டது. தலைமைக்குருவின் இலக்கணம் அகப்பட்டுக்கொண்டது. இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். பூனையைச் சொன்ன சிறுமிதான் எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தாள்.

நம் விசுவாசத்தின் உயர்ந்த உண்மைகளும் இந்த நுண்ணிய வேறுபாட்டைத் தாங்கி நிற்கின்றன. ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா? புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் (15:4) எழுப்பப்பட்டார் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைக்கிறார். தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் திருமுகத்திலோ (4:14) எழுந்தார் என்னும் சொல்லை வைக்கிறார். இரண்டும் திருமறையே. தந்தை தம் மகனை எழுப்பினார். மகன் தம் வல்லமையால் எழுந்தார். திரு அவை இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அன்னையின் திருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவருக்குக் கொண்டாடுவது விண்ணேற்றம்; அன்னைக்கு ஆகஸ்ட் 15ஆம் நாள் கொண்டாடுவது விண்ணேற்பு. பலர் இரண்டையும் ஒன்றாக்கி அழைப்பிதழ்களில் ‘மாதாவின் விண்ணேற்றம்’ என்று அச்சிடுகிறார்கள். நானும் ஒரு முறை திருத்தத் தவறியிருக்கிறேன். ஏற்றம், ‘ஏறு’ என்பதிலிருந்து வருவது. ஏறினார் என்றால் தாமே ஏறினார். அது குன்றிய வினை. ஏற்பு, ‘ஏல்’ என்பதிலிருந்து வருவது. ஏற்றார் என்றதும், யாரை என்னும் கேள்வி பிறக்கிறது. அன்னையை, என்பது விடை. ஏற்றவர் இறைவன், ஏற்கப்பட்டவர் மரியா. இலத்தீனிலும் இவை ‘அசென்சியோ’, ‘அசும்ப்சியோ’ என்று இருவேறு வேர்களிலிருந்து பிறந்தவை. ஒன்று ஏறுதல், மற்றொன்று எடுத்துக்கொள்ளுதல். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 நவம்பர் முதல் நாள் இதை விசுவாச சத்தியமாக அறிவித்தபோதும், அன்னை எடுத்துக்கொள்ளப்பட்டார் என்றே அறிவித்தார். தமிழில் இந்தச் சொல்லை ஆக்கியவர் ஓர் ஒற்றெழுத்தும் வீணாக்கவில்லை. பழைய கிறிஸ்தவர்கள் அன்னையின் இறுதிநாளைப் பற்றி எழுதிவைத்த புனைவுகளுக்குத் ‘திரான்சித்துஸ்’ என்றே பெயர். கடத்தல் என்னும் அதே வேர்தான்.

‘பரலோகத்தில் இருக்கிற’ செபத்தில் வரும் ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லிவரும் வடிவில் ‘விழவிடாதேயும்’ என்று இருக்கிறது. விழுகிறவன் நான்; இறைவனிடம் கேட்பது என்னை விழ விட்டுவிட வேண்டாம் என்பது மட்டுமே. பிரெஞ்சு மொழியார் 2017 திசம்பரிலும், இத்தாலியர் 2020 நவம்பரிலும் தங்கள் செபத்தின் இந்த வரியை மாற்றினார்கள்; இறைவனே நம்மைச் சோதனைக்குள் இட்டுச் செல்வதுபோல் பழைய மொழிபெயர்ப்பு ஒலித்தது என்பதே காரணம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதைக் குறித்து 2017இல் பேசியபோது உலகெங்கும் செய்தியாயிற்று. எங்கள் ஊர்ப் பாட்டிமார்க்கு அது செய்தியே அன்று. அவர்கள் சொல்லிவந்த செபத்தில் விழுதல் மனிதனுடையதாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பையன் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் கொண்டுவந்தான். இடப்பக்கத்தில் குன்றியவை, வலப்பக்கத்தில் குன்றாதவை: ஓடு, ஓட்டு, எழும்பு, எழுப்பு, சேர்ந்தான், சேர்த்தான். நான் கேட்டது பத்து. அவன் எழுதியது பதினெட்டு. ஓரிடத்தில் வலப்பக்கத்தில் ‘மன்னித்தான்’ என்று எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

“இதுக்கு ஜோடி என்ன, சாமி?”

“ஜோடி இல்லை.”

“மன்னிந்தது?”

அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. லெக்சிகனை எடுத்துப் பிரித்து அவனையே தேடச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. புதுப் பானையும் வாங்கி வைத்தாயிற்று. பழையதை உடைத்தது யார் என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியாது.